முப்பத்தொன்றாம் வரி

கணிவேஹள்ளி பட்டுக்கூடுச் சந்தை
3 மார்ச் 2022

நாகபூஷணா,

நான்கு வருடமாக உன் அழைப்பு வராதபடி உன் எண்ணை என் போனில் அடைத்து வைத்திருக்கிறேன். இதற்காக அதைத் திறக்கப் போவதில்லை. போனில் நீ நன்றாகப் பேசுவாய், எழுத்தில்தான் மாட்டுவாய். அதனால் மெயிலிலேயே வைத்துக்கொள்வோம்.

உன் அறிக்கை வந்து சேர்ந்தது. நாற்பத்திரண்டு பக்கம். நம் ஏலத் தரவுத்தளத்தை இங்கிருக்கும் மெஷினிலிருந்து எடுத்து, மூன்று கிளவுட் கம்பெனிகளில் எதனிடம் ஒப்படைக்கலாம் என்ற ஒப்பீடு. கடைசிப் பக்கத்தில் "தொழில்நுட்ப ஒப்புதல்: எஸ். ரத்னமாலா" என்று அச்சடித்து, மேலே ஒரு கோடும் போட்டு அனுப்பியிருக்கிறாய். கோடு நேராக இருக்கிறது. அதற்கு மட்டும் என் பாராட்டு.

பெங்களூர் காற்றில் உனக்கு மறந்திருக்கும், சொல்கிறேன். காலை ஏழு மணியிலிருந்து விவசாயிகள் கூடு கொண்டுவருகிறார்கள். ஒவ்வொருவர் குவியலுக்கும் ஒரு லாட் எண். எட்டரைக்கு ஏலம் தொடங்குகிறது. நூல் இழுக்கும் ரீலர்கள் போனில் விலை போடுகிறார்கள், சுவர்த் திரையில் எண் ஏறுகிறது. அந்த எண் அத்தனையும் நான் பார்த்துக்கொள்ளும் தரவுத்தளத்தில்தான் போய் உட்காருகிறது. கூடு காத்திருக்காது. உள்ளே இருக்கும் பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துவிட்டால், அந்தக் கூடு நூலுக்கு ஆகாது. ஒரு மாதம் கண் விழித்துப் புழு வளர்த்தவர்கள் வெறுங்கையோடு போவார்கள்.

இப்போது உன் அட்டவணைக்கு வருகிறேன். முப்பத்தொன்றாம் வரி. "வாடிக்கையாளர் தரப்பில் முழுநேரப் பொறுப்பாளர்." அதற்கு எதிரே மூன்று பத்தியிலும் ஒரே சொல்: தேவையில்லை, தேவையில்லை, தேவையில்லை.

அந்தப் பொறுப்பாளர் நான்தான் பூஷணா. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். எடைமேடைக்குப் பின்னால் இருந்த அந்த அறையைப் பெருக்கித் துடைத்து, மெஷினை நாமிருவரும்தான் தூக்கி வைத்தோம். நீ இந்த வேலையை விட்டுப் பெங்களூர் கம்பெனிக்குப் போன அன்றைக்குக் கேன்டீனில் எல்லார் முன்னாலும் சொன்னாயே, "நீ வராதே ரத்னா. அந்த மெஷினுக்கு நாய் மாதிரி காவல் கிட. அது செத்தா நீயும் கூடவே போ" என்று. அன்றைக்கு வாயால் சொன்னதை இன்றைக்கு அட்டவணையில் மூன்று தரம் எழுதியிருக்கிறாய்.

கையெழுத்துப் போட மாட்டேன்.

எஸ். ரத்னமாலா

*

பெங்களூர்
6 மார்ச் 2022

மதிப்பிற்குரிய ரத்னமாலா மேடம் அவர்களுக்கு,

வாடிக்கையாளருக்கு இப்படித்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் விதி. விதி இங்கே முடிந்தது.

ரத்னா, நீ என்மேல் கோபப்படு, தப்பில்லை. ஆனால் கோபத்தைத் தொழில்நுட்பம் என்று சொல்லாதே. போன ஜூலையில் என்ன நடந்தது? அந்த அறைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி. அது ஒழுகி, மெஷினின் டிஸ்க் போய், பதினொரு மணி நேரம் சந்தை மூடிக் கிடந்தது. கூட்டைத் திருப்பி எடுத்துப் போக முடியாதவர்கள் கேட்டில் நின்ற தரகர்களிடம் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். எனக்குப் பெங்களூர் காற்றில் எதுவும் மறக்கவில்லை. என் மாமாவும் அந்தக் கேட்டில்தான் நின்றார்.

இந்த மூன்று கம்பெனிகளில் எதை எடுத்தாலும் அந்தப் பிரச்சினை இருக்காது. தினமும் அவர்களே பிரதி எடுப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் தரவுத்தளம் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பித் தருவார்கள். வேறொரு கட்டிடத்தில் இரட்டை மெஷின் ஒன்று கூடவே ஓடும், ஒன்று விழுந்தால் மற்றது எழுந்துகொள்ளும். ஓட்டை அடைப்பது, புதுப்பிப்பது எல்லாம் அவர்கள் வேலை. இடது பத்தியில் இருப்பவர்களிடம் திருப்புவதற்கு ஆயிரம் குமிழ் உண்டு, ஆனால் பாதி நமக்கு வேண்டாதவை. நடுவில் இருப்பவர்களிடம் கணிவேஹள்ளியிலிருந்து லைன் வேகமாகப் போகிறது. வலது பத்தி மலிவு, ஆனால் ஒரே நேரத்தில் நானூறு ரீலர்கள் உள்ளே வந்தால் மூச்சு வாங்கும். மூன்றும் நல்லவைதான். உனக்குக் கஷ்டமே அதுதான்.

அட்டவணையில் மனிதர்கள் பெயர் வராது. உன்னைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை.

ஒன்று கேட்கட்டுமா? இன்னும் தினமும் எட்டேகாலுக்கு லாட் பட்டியலைக் காகிதத்தில் அச்சடிக்கிறாயாமே? கேன்டீன் ஜவராயி சொன்னான். பதினைந்து வருடமாக எத்தனை மரத்தைத் தின்றிருப்பாய்!

இருபதாம் தேதிக்குள் கையெழுத்து வேண்டும். வராவிட்டால் மேலே இருப்பவர்களே போட்டுவிடுவார்கள்.

நாகபூஷணா

*

கணிவேஹள்ளி
9 மார்ச் 2022

பூஷணா,

ஆமாம், அச்சடிக்கிறேன். இன்றும் அடித்தேன், நாளையும் அடிப்பேன்.

தொட்டி ஒழுகுகிறது என்று மூன்று வருடம் எழுதியவள் நான். இரண்டாவது மெஷின் கேட்டு ஏழு கடிதம் போட்டவளும் நான். அந்தப் பதினொரு மணி நேரத்துக்கு நான் பொறுப்பில்லை, அதைச் சாக்காக வைத்து என்னை மிரட்டவும் முடியாது. உன் மாமா நின்றது எனக்கும் தெரியும். அவருக்கு மோர் வாங்கிக் கொடுத்தது யார் என்று அவரையே கேள்.

நேற்று துணை இயக்குநர் வீரபத்ரப்பா கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ரத்னம்மா, போட்டுடும்மா. எல்லா ஊர்ச் சந்தையும் மாறப்போவுது. நாம மட்டும் முறுக்கிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கு?"

"மாறலாம் சார். நான் வேணாம்னு சொல்லலையே. இதை எழுதினவரு மூணையும் ஓட்டிப் பாத்தாரான்னுதான் கேக்கறேன்."

"கம்பெனிக்காரங்க பாக்காமலா எழுதுவாங்க?"

"சார், பொண்ணைப் பாக்காமலே மூணு இடத்துல ஜாதகம் சேத்துட்டு வந்திருக்காரு."

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

நாற்பத்திரண்டு பக்கத்தையும் பென்சிலோடு படித்தேன். நீ சொல்லும் இந்த வசதி எனக்கு மாமியார் வீட்டைத்தான் நினைவுபடுத்துகிறது. சாப்பாடு தட்டுக்கு வந்துவிடும், சமையலறைக்குள் மட்டும் நுழையக் கூடாது. மெஷினின் முழு அதிகாரம் நமக்கு இல்லை என்று பதினேழாம் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறாய். ஒருமுறை அதிகமாக்கிய டிஸ்க் இடத்தைத் திரும்பச் சுருக்க முடியாது என்பதையும் போட்டிருக்கிறாய். யாராவது மெஷினைத் தவறி அழித்தால், அது தினமும் எடுத்த பிரதிகளும் கூடவே போய்விடுமே, அதை எங்கே போட்டாய்? அதற்கு ஒரு தனிக் கட்டளை கொடுத்துப் பிரதியை வேறு இடத்தில் வைக்க வேண்டும். அந்தக் கட்டளையை யார் கொடுப்பது? உன் முப்பத்தொன்றாம் வரியில் இருக்கும் "தேவையில்லை"யா?

சரியாக இருப்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வம்புக்காரி என்பாய். லைன் வேகத்தை நீ அளந்த விதம் சரி. முப்பத்தெட்டாம் பக்கத்தில் பராமரிப்பு நேரம் புதன் அதிகாலை மூன்று என்று போட்டிருக்கிறாய், அதுவும் சரி. ஈ காக்கை இல்லாத நேரம். டிக் போட்டுவிட்டேன்.

இப்போது சவால். போன செப்டம்பரின் பெரிய சந்தை நாள் ஒன்றின் பிரதியை அனுப்புகிறேன். மூன்று இடத்திலும் அந்த நாளை அப்படியே ஓட்டு. ஏலத்தின் நடுவில் மெஷினை விழவை. திரை எத்தனை நொடியில் எழுந்தது என்று எழுது. நீ மூன்றையும் படித்திருக்கிறாய் பூஷணா. ஒன்றையும் ஓட்டவில்லை.

ரத்னமாலா

*

பெங்களூர்
24 மார்ச் 2022

ரத்னா,

ஓட்டினேன். ஆபீஸில் இதற்கு நேரம் தரவில்லை, என் லீவைப் போட்டு மூன்று நாள் மத்தியானங்களில் ஓட்டினேன். உன் ஒன்பதாம் தேதிக் கடிதத்தின் கடைசி வரிக்காகத்தான்.

இடது பத்தியில் இரட்டை மெஷின் நாற்பத்தைந்து நொடியில் எழுந்தது. நடுவில் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. வலதில் ஒன்றரை நிமிடம். மூன்றும் சொன்ன வாக்கைக் காப்பாற்றின. ஆனால் ஏலத் திரை மட்டும் எதிலுமே எழவில்லை. மெஷின் தயாராக நிற்கிறது, நம் நிரலோ செத்துப்போன பழைய மெஷினின் விலாசத்தையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது.

அந்தப் பகுதியை எழுதியது யார் என்று உனக்குத் தெரியும். 2012இல் நான் எழுதியது. மேலே என் பெயரும், "இதைத் தொடாதே" என்ற அதட்டலும் அப்படியே இருக்கின்றன. திருத்திவிட்டேன். இப்போது திரை தானாக எழுகிறது. இதை நீ கேட்காவிட்டால் நான் ஓட்டியிருக்க மாட்டேன். போதுமா? இதற்கு மேல் என்னைக் கெஞ்ச வைக்காதே.

நடுப்பத்தியைத்தான் பரிந்துரைக்கிறேன், இரட்டை மெஷினோடு. பிரதியைத் தனியாக வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிட்டேன்.

முப்பத்தொன்றாம் வரியை மாற்ற முடியாது. கேட்டுப் பார்த்தேன். என் மேலாளர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "பாஸ், அந்த வரிக்காகத்தான் அவங்க நம்மகிட்ட வர்றாங்க. அதை எடுத்துட்டா விக்கறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?"

நாகபூஷணா

*

கணிவேஹள்ளி
4 ஏப்ரல் 2022

பூஷணா,

யுகாதிக்கு வேப்பம்பூவும் வெல்லமும் எல்லோரும் கலந்து தின்றார்கள். எனக்கு வேப்பம்பூ மட்டும் தனியாகக் கொடுத்தார்கள்.

நான் கையெழுத்துப் போடாததால் மேலே போட்டுவிட்டார்கள். பத்தாம் தேதி மாற்றம். இரட்டை மெஷினைப் "பிறகு பார்க்கலாம்" என்று அடித்துவிட்டார்கள், ஒற்றை மெஷின்தான். உன் அறிக்கையில் அவர்களுக்குப் பிடித்த ஒரே வரி முப்பத்தொன்று. அதை வைத்து என்னை எடைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கடவுச்சொற்களை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்துவிட்டேன். என் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

அழுவேன் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ. எடை எழுதும் பெண்களிடம், "தள்ளுங்கடி, இனிமே நானும் இங்கதான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்று சொல்லிவைக்கிறேன். எடைப் பிரிவிலும் ஒரு பிரின்டர் இருக்கிறது.

ரத்னமாலா

*

கணிவேஹள்ளி
27 ஏப்ரல் 2022, புதன், மத்தியானம்

பூஷணா,

இன்று காலை எட்டு மணி முப்பத்தொரு நிமிடத்துக்கு உன் கிளவுட் செத்தது.

ஏலம் தொடங்கி ஒரே நிமிடம்தான் ஆகியிருந்தது. 386 லாட். சுவரில் இருந்த அத்தனை திரையும் அப்படியே நின்றுவிட்டது. முதலில் சிரித்தார்கள், பிறகு கத்தினார்கள், பிறகு யாரோ செருப்பை விட்டெறிந்து ஒரு திரை உடைந்தது. வீரபத்ரப்பா உங்கள் உதவி எண்ணைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் சந்தையே கேட்டது.

"புகார் டிக்கெட் போட்டாச்சு சார். நாலு மணி நேரத்துக்குள்ள பதில் வரும்."

"நாலு மணி நேரமா? இங்க கூடு கெடக்குதுப்பா!"

"என்ன கெடக்குது சார்?"

கெம்பம்மா என்றொரு பெண், அறுபத்திநாலு கிலோ கூட்டோடு வந்தவர், தன் கூடைகளில் ஒன்றை என் மேசை மேலேயே தூக்கி வைத்தார். "போன ஆடியிலயும் இதேதான் சொன்னீங்க. நாலு மணி நேரம், நாலு மணி நேரம்னு. நானு இன்னிக்கு வித்துட்டுத்தான் போவேன். இல்லாட்டி இதையெல்லாம் உங்க தலையில கொட்டிட்டுப் போவேன்" என்றார். கேட்டுக்கு வெளியே தரகர்கள் ஏற்கெனவே வந்து நின்றுவிட்டார்கள். மூக்கு வியர்க்கும் அவர்களுக்கு.

என் கையில் எட்டேகால் பட்டியல் இருந்தது. 386 லாட், யாருடையது, எத்தனை கிலோ, எந்தத் தரம், எல்லாம் காகிதத்தில். எடைமேடை மேல் ஏறி நின்றேன்.

ரீலர் சங்கத்து ஜபீவுல்லா பாயைக் கூப்பிட்டேன். "பாய், உங்க ஆளுங்களுக்கு எழுதத் தெரியுமா, போன்ல அமுக்க மட்டும்தான் தெரியுமா?"

"என்னம்மா கேள்வி இது! காகிதத்தைக் குடுங்க."

"சீட்டுல லாட் நம்பர், விலை, உங்க பேரு. மடிச்சு இந்தக் கூடையில போடுங்க. எல்லார் முன்னாலயும் பிரிச்சுப் படிப்பேன். அதிக விலை போட்டவருக்குக் கூடு. இன்னிக்கு நான்தான் கம்ப்யூட்டர்."

"யாரைக் கேட்டும்மா இதெல்லாம் பண்றே?" என்று கீழேயிருந்து வீரபத்ரப்பா பதறினார்.

"யாரையும் கேக்கல சார். வேணும்னா எழுதிக்கங்க."

ஒன்பது அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது திரைகள் தாமாகவே எழுந்தன. இருபத்தேழு நிமிடம். அதற்குள் நாற்பது லாட் போய்விட்டது, கெம்பம்மாவுடையது உட்பட, நேற்றைய விலையை விடக் கூடுதலாக. மீதியைத் திரையில் முடித்தோம். ஒரு கூடுகூடக் கேட்டைத் தாண்டித் தரகன் கைக்குப் போகவில்லை.

ஏன் செத்தது? யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். என்னிடம் கடவுச்சொல் இல்லை. உன்னிடம் இருக்கிறது. பார்த்து எழுது. உண்மையை எழுது.

ரத்னமாலா

*

பெங்களூர்
29 ஏப்ரல் 2022

ரத்னா,

பார்த்தேன். உண்மையை எழுதுகிறேன்.

எதுவும் கெட்டுப்போகவில்லை. நடுப்பத்திக் கம்பெனி, சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் செய்தது. அமைப்பில் "பராமரிப்பு எப்போது?" என்று ஒரு கட்டம் வரும். நான் புதன் என்று தேர்ந்தெடுத்து 03:00 போட்டேன். அதிகாலை மூன்று, ஊர் உறங்கும் நேரம் என்ற நினைப்பில். அந்தக் கட்டம் நம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, கிரீன்விச் கடிகாரத்தைப் பார்க்கிறது. பக்கத்தில் UTC என்று மூன்று எழுத்தில் போட்டும் இருக்கிறது. அங்கே மூன்று என்றால் இங்கே காலை எட்டரை.

மூன்று பத்திக்கும் நான் அதையேதான் எழுதினேன், மூன்றும் கிரீன்விச்தான். எதை எடுத்திருந்தாலும் ஒரு புதன்கிழமை எட்டரைக்கு நின்றிருக்கும். முந்தைய இரண்டு புதனும் நிற்காததற்குக் காரணம், புதுப்பிக்க ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான். பதினெட்டு வருடம் டேட்டாபேஸோடு குடும்பம் நடத்தியவன், ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பார்க்கவில்லை. எனக்கு என்மேல் அத்தனை வெட்கமாக இருக்கிறது.

இப்போது இன்னொன்று. காரண அறிக்கை ஒன்றை எங்கள் ஆபீஸில் தயார்செய்து என் மேசைக்கு அனுப்பினார்கள். "வாடிக்கையாளரின் உள்ளூர் ஊழியர்கள் ஏல நேரத்தைச் சரியாகத் தெரிவிக்கவில்லை" என்று இருந்தது. உள்ளூர் ஊழியர் என்றால் நீ. கடைசிப் பக்கத்தில் என் பெயர், மேலே ஒரு கோடு. கோடு நேராகத்தான் இருந்தது.

மேலாளர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "போட்டுடுங்க பாஸ். அந்தம்மாதான் இப்ப அந்த வேலையிலயே இல்லையே. யாருக்கு நஷ்டம்?"

"கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"ஒரு வரி விஷயம்."

"ஒரு வரியால வந்ததுதான் சார் இவ்வளவும்."

நடந்ததை நடந்தபடி என் பெயரில் எழுதி, உங்கள் நிர்வாக இயக்குநருக்கே நேராக அனுப்பிவிட்டேன். கூடவே ஒப்பீட்டு அட்டவணையையும் திருத்தி அனுப்பினேன். பிரதியை இணைத்திருக்கிறேன், முப்பத்தொன்றாம் வரியைப் பார். என்னை என்ன செய்வார்களோ செய்யட்டும்.

கேன்டீனில் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது என்று தெரியும். ஆனாலும் எடுத்துக்கொள்கிறேன். அன்றைக்கு நீ என்னோடு பெங்களூருக்கு வரமாட்டேன் என்றதும் எனக்குத் தாங்கவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல் நாய் என்று சொன்னேன்.

பூஷணா

*

கணிவேஹள்ளி
6 மே 2022

பூஷணா,

உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்களாமே, வேலை எதுவும் தராமல். ஜவராயிக்கு எப்படித்தான் தெரிகிறதோ. உட்கார், முதுகுக்கு நல்லது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பழைய அறிக்கையைத் தேடி எடுத்தேன். முப்பத்தெட்டாம் பக்கம், "புதன் 03:00", பக்கத்தில் என் பென்சில் டிக். நாற்பத்திரண்டு பக்கத்தையும் சல்லடை போட்டுச் சலித்தவள், அந்த ஒன்றை மட்டும் நல்லது என்று பாராட்டினேன். எனக்கும் அது இரவாகத்தான் தெரிந்தது. ஆகவே தப்பு முழுவதும் உன்னுடையது என்று பெருமை அடித்துக்கொள்ளாதே, பாதியைக் கொடு. இதையும் நிர்வாக இயக்குநருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். எனக்கு ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

அறைச் சாவி திரும்ப வந்துவிட்டது. பழைய மெஷினைக் கேட்கவில்லை, அது போகட்டும். உன் நடுப்பத்தி நல்லதுதான், நான் என்றைக்குமே அதற்கு எதிரி இல்லை. இரட்டை மெஷினுக்கு அனுமதி வாங்கிவிட்டேன். உடைந்த திரையைக் காட்டி வாங்கினேன்.

பராமரிப்பு நேரத்தை இன்று என் கையால் மாற்றினேன். கிரீன்விச்சில் காலை பத்து, நமக்குப் பகல் மூன்றரை. அப்போது சந்தையில் கூடெல்லாம் கைமாறி வண்டி ஏறியிருக்கும். வீரபத்ரப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, எல்லாரும் தூங்கற நேரமா பாத்துப் போடறதுதானே?"

"வேணாம் சார். நாய் முழிச்சிருக்கற நேரத்துலதான் வீட்டுக்குள்ள ஆளை விடணும்."

அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

உன் புது அட்டவணை வந்தது. முப்பத்தொன்றாம் வரியில் மூன்று பத்தியிலும் "தேவை, தேவை, தேவை" என்று இருக்கிறது. அதை ஒருதரம் வாய்விட்டுப் படித்தேன். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போய், உன் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டேன்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். காலை எட்டரையிலிருந்து பத்து வரை கூப்பிடாதே, ஏலம் நடக்கும். நம்முடைய எட்டரை.

ரத்னா